சித்தப்பா பெட்டியில் சோவியத் பதக்கங்கள்: யாருடையவை என்று கண்டுபிடிக்க முடியுமா?

குடந்தை_ரமணி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நடக்கிற பேச்சை ஓரமாக இருந்து படித்துவிட்டுப் போகிறவன் நான். இப்போது நானே கேட்கும்படி ஒரு விஷயம் வந்திருக்கிறது.

எங்கள் சித்தப்பா எண்பதுகளின் கடைசியில் மின்ஸ்க் நகரத்தில் மருத்துவம் படித்தவர். போன வருடம் தவறிவிட்டார். அவருடைய அலமாரியை ஒழிக்கும்போது பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் நான்கு பதக்கங்கள் கிடைத்தன. ஒன்று அடர்சிவப்பு எனாமல் நட்சத்திரம், நடுவில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், பின்பக்கம் திருகாணியும் ஏழு இலக்க எண்ணும். இன்னொன்று வெள்ளி வட்டம், அதில் டாங்கி, மேலே மூன்று விமானங்கள், சிவப்பில் ரஷ்ய எழுத்து. மூன்றாவது பித்தளை, ஸ்டாலின் முகம் இடப்பக்கம் பார்க்கிறது. நான்காவது தங்கக் கதிர்களோடு ஒரு நட்சத்திரம், பின்னால் வாளும் துப்பாக்கியும் குறுக்காக. கூடவே நாலாக மடித்த ஒரு சின்ன அட்டை. அதில் கையால் ஏதோ எழுதி முத்திரை குத்தியிருக்கிறது.

விடுதி வாசலில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, படிப்பு முடித்து ஊர் திரும்பும்போது இவற்றைக் கொடுத்தாராம். சித்திக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாட்டியின் கணவர் போரில் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் யார், என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? விற்கும் எண்ணம் சுத்தமாக இல்லை.

பதக்கப்பித்தன்

ரமணி, முதலில் ஒரு வேண்டுகோள். எதையும் தேய்க்காதீர்கள். விபூதி, பற்பொடி, புளி எதுவும் வேண்டாம். கறுத்திருப்பது வெள்ளியின் வயது, அழுக்கில்லை. திருகாணியையும் முறுக்கிப் பார்க்காதீர்கள், எனாமல் தெறித்துவிடும்.

இனி என்னென்ன என்று பார்ப்போம். முதலாவது சிவப்பு நட்சத்திர ஆர்டர் (பதக்கத்தைவிட உயர்ந்த விருதுக்கு 'ஆர்டர்' என்று பேர்). 1930 ஏப்ரல் 6-ல் ஏற்படுத்தியது. நாடாவில் தொங்காது, சட்டையில் துளை போட்டு வலது மார்பில் திருகி மாட்டுவார்கள். சோவியத் ஒன்றியம் இருந்த வரை 38 இலட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஏழு இலக்க எண் என்றால் போரின் கடைசிக் கட்டம் அல்லது அதற்குப் பிறகு.

டாங்கி போட்டது 'ஸா ஒத்வாகு', துணிச்சலுக்கான பதக்கம். 1938 அக்டோபர் 17. சிப்பாய்கள் நடுவே இதற்கு இருந்த மரியாதை சில ஆர்டர்களுக்கே கிடையாது. போர்முனையில் சொந்தத் துணிச்சலைக் காட்டியிருந்தால்தான் கிடைக்கும், அலுவலகத்தில் உட்கார்ந்து வாங்க முடியாது. அதில் இருக்கும் டாங்கி டி-35, ஐந்து சுழல்மேடை வைத்த ராட்சசன். 1941 கோடையில் பாதிக்கு மேல் எதிரியைப் பார்க்காமலே பழுதாகி வழியில் நின்றுவிட்டன. பதக்கத்தில் மட்டும் கடைசி வரை ஓடிக்கொண்டிருந்தது!

ஸ்டாலின் இடப்பக்கம் பார்த்தால் ஜெர்மனி மீதான வெற்றிக்கு, வலப்பக்கம் பார்த்தால் ஜப்பான் மீதான வெற்றிக்கு. உங்களுடையது முதல் வகை, சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் வாங்கியது. நான்காவது தேசபக்திப் போர் ஆர்டர். 1942 மே 20-ல் பிறந்தது, அந்தப் போருக்கென்றே உண்டாக்கிய முதல் ஆர்டர். ஆனால் இதில் இரண்டு பிறவி உண்டு. போர்க்காலத்து முதல் வகுப்பில் உண்மையான தங்கம் இருக்கும். 1985-ல் நாற்பதாம் ஆண்டு நினைவாக உயிரோடிருந்த வீரர்களுக்கெல்லாம் கொடுத்ததில் வெள்ளிக்கு மேல் தங்க முலாம்தான். பின்பக்க எண்ணைப் படம் எடுத்துப் போடுங்கள், சொல்கிறேன்.

சந்தேகப்பிராணி

ஊர்த்திருவிழா மாதிரி ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. டப்பாவில் ஒன்றாக இருந்தன என்பதால் நான்கும் ஒரே ஆளுடையவை என்று ஆகாது. மாஸ்கோ இஸ்மாய்லோவோ சந்தையில் கைக்குக் கிடைத்ததைச் சேர்த்துக் கட்டி 'ஒரு வீரரின் தொகுப்பு' என்று தலையில் கட்டுவார்கள். விடுதிப் பாட்டி கதையும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

பனிக்காலம்

கதை இருக்கட்டும், அட்டையைப் பாருங்கள். ரமணி, நீங்கள் தனிமடலில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். அது ஸ்டாலின் பதக்கத்தின் சான்றிதழ், 1946-ல் கொடுத்தது. பெயரை இங்கே போட வேண்டாம், குடும்பம் இருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடும்பப்பெயர் 'ஓவா' என்று முடிகிறது, தந்தை வழிப் பெயர் 'ஓவ்னா' என்று முடிகிறது. ரஷ்யப் பெயர்களில் இந்த முடிவுகள் பெண்களுக்குத்தான் வரும்.

ஆக, இது கணவருடையது இல்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது. பெரும்பாலும் அந்தப் பாட்டியே.

குடந்தை_ரமணி

அக்கா, இதை நாங்கள் யாருமே நினைக்கவில்லை. சித்தியிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அந்தம்மா எப்பவும் இவரை 'டாக்டர், டாக்டர்'னுதான் கூப்பிடுமாம்" என்றார்.

நான்காவது பதக்கத்தின் பின்பக்கப் படம் போட்டிருக்கிறேன். அதுவும் ஏழு இலக்கம்.

பதக்கப்பித்தன்

படத்தைப் பார்த்தேன். 1985 வெளியீடுதான். மார்ச் 11 தேதியிட்ட ஆணை அது. கோர்பச்சேவ் பொதுச்செயலாளர் ஆனதும் அதே நாள் என்பது உபரிச் செய்தி. சரி, இது எல்லாமே ஒரே பெண்மணியுடையது என்றால் 1985-ல் அவர் உயிரோடிருந்தார். உங்கள் சித்தப்பா காலத்தோடு பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு நட்சத்திரம் என்றதும் பெரிய வீரச்செயல் ஒன்றை எதிர்பார்த்துவிடாதீர்கள். 1944 ஜூனில் ஒரு ஆணை வந்தது. 10 வருடம் பணியாற்றினால் போர்த்தொண்டுப் பதக்கம், 15 வருடத்துக்குச் சிவப்பு நட்சத்திரம், 20-க்குச் செங்கொடி, 25-க்கு லெனின் ஆர்டர். 1957 வரை இது நடந்தது. நெருப்பில் குதித்து வாங்கியவருக்கும் பதினைந்து வருடம் கிடங்குக் கணக்கு எழுதியவருக்கும் மார்பில் ஒரே நட்சத்திரம். பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. காகிதம்தான் சொல்லும்.

நெல்லை_முருகேசன்

தோழர்களே, எழுபதுகளில் நியூ செஞ்சுரி கடையில் இரண்டு ரூபாய்க்கு வாங்கின ரஷ்யப் புத்தகத்தில் இந்த நட்சத்திரத்தின் படம் பார்த்து மயங்கினவன் நான். கிடங்குக் கணக்குக்கும் அதுவேதான் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. பரவாயில்லை, கிடங்குக் கணக்கு இல்லாமலும் போர் நடக்காது.

பதக்கத்துக்குப் பணம் கொடுத்தார்களாமே, உண்மையா?

பதக்கப்பித்தன்

உண்மை. மாதாமாதம். சிவப்பு நட்சத்திரத்துக்கு 15 ரூபிள், துணிச்சல் பதக்கத்துக்கு 10, போர்த்தொண்டுக்கு 5, லெனின் ஆர்டருக்கு 25. ரயில் சலுகைகளும் இருந்தன. 1948 ஜனவரி 1 முதல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அதற்கு ஒரு வாரம் முன்புதான் மே 9 விடுமுறையையும் எடுத்தார்கள். வெற்றி நாள் மறுபடி விடுமுறையானது 1965-ல்தான். அந்த இடைப்பட்ட வருடங்களில் பலர் பதக்கத்தைக் குழந்தைகள் விளையாடக் கொடுத்துவிட்டார்கள். எனாமல் உடைந்த நட்சத்திரங்கள் இவ்வளவு கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

பனிக்காலம்

ரமணி, தேடும் வழி இதுதான். ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மத்திய ஆவணக் காப்பகம் மாஸ்கோவுக்கு அருகே பதோல்ஸ்க் என்ற ஊரில் இருக்கிறது. அங்கிருக்கும் தாள்களைப் படியெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். 2007-ல் இறந்தவர்கள், காணாமல் போனவர்களுக்காக 'மெமோரியல்' தரவுத்தளம். 2010-ல் விருதுகளுக்காக 'பொத்விக் நரோதா'. 2015-ல் எல்லாவற்றையும் இணைத்து 'பாமியத் நரோதா'. இப்போது பார்க்க வேண்டியது கடைசியில் சொன்னதை. இந்தியாவிலிருந்து சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது. பொறுமை வேண்டும்.

ரஷ்ய எழுத்தில்தான் தேட வேண்டும். குடும்பப்பெயர், பெயர், தந்தை வழிப் பெயர் மூன்றையும் போட்டாலும் இருபது முப்பது பேர் வருவார்கள். நம்மூர் வாக்காளர் பட்டியலில் 'முருகன், த/பெ சுப்பிரமணியன்' என்று தேடுவது மாதிரி. பிறந்த வருடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால், சிவப்பு நட்சத்திரம், துணிச்சல் பதக்கம் இரண்டும் வாங்கியவர் யார் என்று ஒவ்வொருவராகத் திறந்து பாருங்கள். 1985 ஆர்டருக்கும் தனியாக ஒரு அட்டை இருக்கும், அதில் பிறந்த ஊர் வரும்.

எண்ணைக் கொண்டு தேட முடியுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் முடியாது. எந்த எண் யாருக்குப் போனது என்பது போருக்குப் பிறகு நிரப்பிய பதிவு அட்டைகளில் இருக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பதோல்ஸ்கில் ஆள் வைத்து அந்த அட்டைக்காகக் காசு செலவழித்ததெல்லாம் இதற்காகத்தான்.

பேர்லின்_தயா

எண்ணைப் பற்றிக் கதைக்கிறபடியால் ஒன்று சொல்லுகிறேன். நான் இருப்பது ஜேர்மனியில், சீலோ மேட்டுக்குக் கார் ஓட்டினால் ஒரு மணித்தியாலம். 1945 ஏப்ரல் 16 இலிருந்து 19 வரை சண்டை நடந்த இடம். அந்தப் பக்கத்து வயல்களில் இன்னமும் எலும்புகள் வருகுது.

செஞ்சேனைச் சிப்பாயிடம் முதலில் ஒரு எபனைட் (கெட்டியான கறுப்பு ரப்பர்) குப்பி இருந்தது. உள்ளே பெயர், ஊர் எழுதிய கடதாசி. எழுதினால் செத்துப்போவோம் என்று பயந்து பலபேர் வெறுமையாகவே விட்டார்கள். சிலர் கடதாசியைச் சிகரெட் சுத்தப் பாவித்தார்கள். 1942 நவம்பரில் குப்பி கொடுக்கிறதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே அதற்குப் பிறகு விழுந்தவர்களை எப்படி அடையாளம் காண்கிறது? சட்டையில் ஒரு துணிச்சல் பதக்கம் இருந்தால், பின்பக்கத்து எண். அந்த எண்ணை பதோல்ஸ்குக்கு அனுப்பிப் பெயர் எடுத்து, பேரப்பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். சேகரிப்பாளருக்கு எண் என்றால் விலை. தேடல் குழுக்களுக்கு அது ஒரு ஆளின் பெயர்.

சந்தேகப்பிராணி

அப்படியென்றால் சந்தையில் விற்கும் எண் போட்ட பதக்கமெல்லாம் எங்கிருந்து வந்தது என்றும் யோசியுங்கள். 1983-ல் மாஸ்கோவில் துணை அட்மிரல் கலஸ்த்யாகோவையும் மனைவியையும் வீட்டிலேயே கொன்றார்கள். இதழியல் மாணவர்கள் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போன ஒரு இளம் தம்பதி. நோக்கம் அவருடைய பதக்கங்கள். தொண்ணூறுகளில் ஓய்வூதியம் காகிதமானபோது கிழவர்களே ரொட்டிக்கு விற்றார்கள். ரஷ்யாவில் அரசு விருதை விற்பதும் வாங்குவதும் இன்றைக்கும் குற்றவியல் சட்டத்தின் 324-ஆம் பிரிவில் வரும். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் இதை மெதுவாகத்தான் பேசுவார்கள்.

பதக்கப்பித்தன்

மெதுவாகப் பேசவில்லை, நீங்கள் கேட்காமல் இருந்தீர்கள் :) என்னிடம் இருப்பதில் பெரும்பாலானவை ஜூபிலி பதக்கங்கள். 1965, 1975, 1985 வெற்றி நினைவு, படை நிறுவிய ஆண்டு நினைவு என்று இலட்சக்கணக்கில் அடித்தவை. ஆர்டர் எதுவும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். போலி தொல்லையும் அதற்கு ஒரு காரணம். எண்ணைச் சுரண்டி வேறு எண் வெட்டுவது, எனாமல் மறுபடி ஊற்றுவது, சாதாரண நட்சத்திரத்தில் பழைய எண் போட்டு 1941 என்று விற்பது. அந்த வருடத்துக்கு ஏன் அவ்வளவு கிராக்கி? பின்வாங்கிக்கொண்டிருந்த படைக்கு யாரும் விருது கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. 1942 நவம்பருக்கு மேல் படைப்பிரிவுத் தளபதிகளுக்கே அந்த அதிகாரம் வந்த பிறகுதான் கையில் கிடைத்தது.

குடந்தை_ரமணி

கிடைத்துவிட்டார்!!

அதே பெயரில் நிறையப் பேர் வந்தார்கள். அக்கா சொன்னபடி ஒவ்வொன்றாகத் திறந்தேன். பிறந்த வருடம் 1923. ஒரு துப்பாக்கிப் படைப்பிரிவின் கம்பெனி மருத்துவ உதவியாளர், மூத்த சார்ஜெண்ட். 1985 அட்டையும் அவர் பெயரில் இருக்கிறது. சிவப்பு நட்சத்திரத்துக்கான தாள் இரண்டு பக்கம். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் குழப்புகிறது. 'வீதெப்ஸ்க்', '1944 ஜூன்', '28' என்பது மட்டும் புரிகிறது.

பனிக்காலம்

இது 'நக்ராத்நோய் லிஸ்ட்', விருதுப் பரிந்துரைத் தாள். இந்தப் பொழுதுபோக்கின் மொத்தச் சுவையும் இந்தத் தாளில்தான் இருக்கிறது என்பேன். முதல் பக்கம் மேலே பெயர், பதவி, பிறந்த வருடம், இனம், கட்சி உறுப்பினரா, எப்போதிலிருந்து போரில், காயம் உண்டா, முன்பு என்ன விருது, எந்த ராணுவ அலுவலகம் சேர்த்தது, வீட்டு முகவரி என்று கட்டங்கள். அதற்குக் கீழே என்ன செய்தார் என்ற சுருக்கம். பின்பக்கத்தில் மேலதிகாரிகள் ஒவ்வொருவராக 'தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்து. சில சமயம் கீழே செங்கொடி கேட்டிருப்பார்கள், மேலே போகப் போக நட்சத்திரமாகச் சுருங்கியிருக்கும்.

உங்கள் தாளின் சாரம்: 1944 ஜூன் கடைசி வாரம், வீதெப்ஸ்க் பகுதியில் எதிரியின் அரணை உடைத்தபோது, குண்டு மழையில் 28 பேரை அவர்கள் ஆயுதத்தோடு போர்க்களத்திலிருந்து வெளியே கொண்டு வந்தார், அங்கேயே கட்டுப் போட்டார். 'ஆயுதத்தோடு' என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பிராணி

குறித்துக்கொண்டேன். 28 என்பதையும் குறித்துக்கொண்டேன். 1941 ஆகஸ்ட் 23-ல் ஸ்டாலின் கையெழுத்திட்ட 281-ஆம் எண் உத்தரவு என்ன சொல்கிறது? காயம்பட்ட 15 பேரைத் துப்பாக்கியோடு கொண்டு வந்தால் பதக்கம். 25 பேருக்குச் சிவப்பு நட்சத்திரம். 40-க்குச் செங்கொடி. 80-க்கு லெனின். இப்படி விலைப்பட்டியல் போட்டு வைத்தால், எழுதுகிற கம்பெனித் தளபதி எந்த எண்ணை எழுதுவான்? 25-க்குக் கொஞ்சம் மேலே. மருத்துவ உதவியாளர்களின் தாள்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள், 26, 27, 28 என்றே வரும். 23 அபூர்வம்.

அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. தாளை வேதமாக எடுக்காதீர்கள் என்கிறேன்.

பேர்லின்_தயா

பீரங்கிக்காரருக்கும் இதே கதைதான். தேசபக்திப் போர் ஆர்டரின் முதல் வகுப்புக்குத் தனியாளாக 2 கனரக அல்லது நடுத்தர டாங்கி, இல்லையென்றால் 3 இலகு டாங்கி அழிக்க வேணும் என்று சட்டத்திலேயே இருக்கு. பிறகு தாள்களில் அந்த எண்ணிக்கை வராமல் என்ன வரும்.

ஆனால் சந்தேகப்பிராணி, நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள். 23 பேரைத் தூக்கினவருக்கு நட்சத்திரத் தாளே எழுதியிருக்க மாட்டார்கள். பதக்கம்தான் கொடுத்திருப்பார்கள், அதைப் படைப்பிரிவுத் தளபதியே தன் உத்தரவில் ரெண்டு வரியோடு முடித்துவிடுவார். ஆகவே தாள்களில் 23 இல்லாதது பொய்க்குச் சாட்சி இல்லை. 25-ஐத் தாண்டினவர்களுடைய தாளைத்தானே நாங்கள் பார்க்கிறோம்.

சந்தேகப்பிராணி

இது நல்ல பதில். பாதி ஒப்புக்கொள்கிறேன். மற்ற பாதிக்கு என்ன சொல்கிறீர்கள்? போர்க்களத்தில் யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்?

பனிக்காலம்

ஆயுதங்களை எண்ணினார்கள். 'ஆயுதத்தோடு' என்ற நிபந்தனை மனிதாபிமானத்துக்காகப் போட்டதில்லை. 1941-ல் துப்பாக்கித் தட்டுப்பாடு, களத்தில் விட்டுவிட்டு வரக் கூடாது. ஆக ஒரு பெண் தன் எடையைவிடக் கூடுதலான ஆளையும் இழுத்து, நாலு கிலோ துப்பாக்கியையும் சேர்த்து இழுக்க வேண்டும். கொண்டுவந்த துப்பாக்கி கணக்கில் ஏறும். எண் முழுக்கக் கற்பனை என்று நான் நினைக்கவில்லை, இரண்டு மூன்று கூடியிருக்கலாம்.

நான் மருத்துவர். மயங்கிய ஒருவரைக் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்ற எங்கள் மருத்துவமனையில் மூன்று பேர் வருவோம். 28 என்பது 20 ஆக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

பேர்லின்_தயா

சரிபார்க்க வழியும் இருக்கு. அதே பாமியத் நரோதாவில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் கிடக்கு. ரமணி, தாளில் உள்ள படைப்பிரிவு எண்ணைப் போட்டு ஜூன் 23 இலிருந்து 28 வரை என்ன நடந்தது, எத்தனை பேர் காயம் என்று பாருங்கோ. அன்றைக்குப் படைப்பிரிவில் மொத்தமே 30 பேர் காயம் என்றால் 28 சந்தேகம். 300 என்றால் ஏன் கூடாது? அது பக்ராசியோன் தாக்குதலின், அதாவது பெலாரஸை மீட்கச் செஞ்சேனை தொடங்கின பெருந்தாக்குதலின், முதல் வாரம், வீதெப்ஸ்க் விடுதலையானது 26 ஆம் திகதி. எந்தப் பிரிவுக்கும் காயம் குறைவாக இருந்திருக்காது.

தாளை நம்பாத ஒரு தளபதியின் கதையும் சொல்லுகிறேன். நீனா பெத்ரோவா என்று ஒரு குறிபார்த்துச் சுடுகிறவர், 1893 இல் பிறந்தவர். பரிந்துரைத் தாளில் வயது 52 என்று பார்த்துவிட்டு, ஜெனரல் ஃபெத்யூனின்ஸ்கி, தட்டச்சில் பிழையோ என்று கேட்டாராம். பிழை இல்லை, மனுசிக்குப் பேரப்பிள்ளையே இருந்தது. 1945 மே 1 இல் விபத்தில் இறந்துபோனார். மகிமை ஆர்டரின் மூன்று வகுப்பையும் பெற்ற நாலே நாலு பெண்களில் ஒருவர்.

நெல்லை_முருகேசன்

52 வயதில்! எனக்கு அந்த வயதில் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது.

மகிமை ஆர்டர் என்றால் ஒரு பட்டாளத்துக்கே கொடுத்தார்கள் என்று எங்கோ படித்த நினைவு. சரியா?

பதக்கப்பித்தன்

சரி. 77-ஆம் காவல் ('கார்ட்ஸ்' என்ற சிறப்புப் பட்டம் பெற்ற) டிவிஷன், 215-ஆம் படைப்பிரிவின் முதல் பட்டாலியன். 1945 ஜனவரி 14-ல் விஸ்துலா ஆற்றங்கரை அரணை உடைத்ததற்காக அதன் சிப்பாய்கள் எல்லோருக்கும் மூன்றாம் வகுப்பு. 'மகிமைப் பட்டாலியன்' என்றே பேர் வந்தது. சிப்பாய்களுக்கென்றே 1943 நவம்பர் 8-ல் உண்டாக்கிய ஆர்டர் அது, விமானப்படையின் இளநிலை லெப்டினன்ட்களைத் தவிர அதிகாரிகளுக்குக் கிடையாது. அதே நாளில்தான் வைரம் பதித்த வெற்றி ஆர்டரும் பிறந்தது, அது மார்ஷல்களுக்கு. ஐசன்ஹோவர், மாண்ட்கோமரி, ருமேனிய மன்னர் மிகாய் எல்லாம் வாங்கியிருக்கிறார்கள். என் கட்சி எப்போதும் முதலாவதுதான்.

நெல்லை_முருகேசன்

மன்னருக்கே கொடுத்தார்கள் என்றால், நம் ஆட்கள் யாராவது?

பதக்கப்பித்தன்

உண்டு, அதுவும் இதே சிவப்பு நட்சத்திரம். 1941-ல் பிரிட்டனும் சோவியத்தும் ஈரானுக்குள் நுழைந்த பிறகு, பாரசீக வளைகுடாவிலிருந்து வடக்கே சரக்கு போக ஆரம்பித்தது. நேச நாடுகள் சோவியத்துக்கு அனுப்பிய சரக்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த வழியாகப் போனது. லாரி ஓட்டியவர்களில் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் ஆட்களும் இருந்தார்கள். அதில் இருவருக்கு 1944-ல் சிவப்பு நட்சத்திரம் கிடைத்தது. ஒருவர் ஹவில்தார் கஜேந்திர சிங் சந்த், இன்றைய உத்தராகண்டைச் சேர்ந்தவர். இன்னொருவர் சுபேதார் நாராயண ராவ் நிக்கம், நம் தமிழ்நாட்டுக்காரர்.

பெரிய சண்டை எதுவும் இல்லை. மலைப்பாதை, பனி, தூசி, பழுதாகும் லாரி. கிடங்குக் கணக்கைப் பற்றி முருகேசன் ஐயா சொன்னது இங்கே நன்றாகப் பொருந்துகிறது. அந்தப் பிரிவுகளின் பிரிட்டிஷ் தரப்புப் போர் நாட்குறிப்புகளை லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் தேட வேண்டும். இங்கே யாராவது லண்டனில் இருந்தால் கையைத் தூக்குங்கள்.

குடந்தை_ரமணி

பிரமிப்பாக இருக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, சந்தேகப்பிராணி சார் முதலில் கேட்டதுதான்: துணிச்சல் பதக்கமும் இவருடையதுதான் என்று எப்படி உறுதி செய்வது? இரண்டு, சித்தி "இது அந்தக் குடும்பத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அவர் சொல்வதும் நியாயம். அஞ்சலில் அனுப்பலாமா?

பனிக்காலம்

அஞ்சல் வேண்டவே வேண்டாம். சுங்கத்தில் மாட்டினால் திரும்பவும் கிடைக்காது, உங்களுக்கும் விசாரணை வரும். குடும்பம் கிடைக்காவிட்டால் மின்ஸ்கில் பெரும் தேசபக்திப் போர் அருங்காட்சியகம் இருக்கிறது, 2014-ல் புதுக் கட்டிடத்துக்கு மாறியது. எதையும் அனுப்பும் முன் அவர்களுக்கும் தில்லியில் இருக்கும் பெலாரஸ் தூதரகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். கடிதத்தை நான் ரஷ்யனில் எழுதித் தருகிறேன்.

முதல் கேள்விக்கு உங்கள் தாளிலேயே பதில் இருக்கிறது. 'முன்பு பெற்ற விருது' என்ற கட்டத்தைப் பாருங்கள்: 'ஸா ஒத்வாகு, 1943'. எண் பொருந்துகிறதா என்று பதிவு அட்டை பார்த்தால்தான் நூறு சதவீதம். ஆனால் சான்றிதழ், 1985 அட்டை, இந்தக் கட்டம் மூன்றும் ஒரே ஆளைக் காட்டுகின்றன.

சந்தேகப்பிராணி

எனக்கு இது போதும். சந்தை மூட்டை என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பேர்லின்_தயா

குடும்பத்தைத் தேட, பிறந்த ஊரும் சேர்த்த ராணுவ அலுவலகமும் என்ன என்று பாருங்கோ. அதுதான் நூல் நுனி.

குடந்தை_ரமணி

பிறந்த ஊர் 'ரொகச்சோவ்' என்று 1985 அட்டையில் இருக்கிறது. ஆனால் படையில் சேர்ந்தது 1942-ல் சரத்தோவ் என்று தாளில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு பக்கம். ஆள் மாறிவிட்டதா?

பனிக்காலம்

மாறவில்லை. ரொகச்சோவ் பெலாரஸில், கோமெல் வட்டாரம். 1941 கோடையில் ஜெர்மானியர் கைக்குப் போனது. அப்போது கிழக்கே ஓடியவர்கள் பலர் வோல்கா கரை ஊர்களில் தங்கினார்கள், சரத்தோவ் அதில் ஒன்று. இவரும் அப்படிப் போய் அங்கிருந்து சேர்ந்திருப்பார். ரொகச்சோவ் விடுதலையானது 1944 பிப்ரவரி 24. வீதெப்ஸ்க் தாளில் வீட்டு முகவரிக் கட்டம் என்ன சொல்கிறது? தாய் பெயரோ ஊரோ எழுதியிருந்தால் அந்த வரியை மட்டும் வெட்டி எனக்கு அனுப்புங்கள்.

பதக்கப்பித்தன்

ரொகச்சோவா! அந்த ஊர் நீல வெள்ளை டப்பா இனிப்புப் பால் அந்தப் பக்கம் படித்த நம் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். சின்ன ஊர்தான். உள்ளூர் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டால் அக்கம்பக்கத்தில் விசாரித்துச் சொல்ல வாய்ப்பு அதிகம். மின்ஸ்கைவிட முதலில் அங்கே எழுதுங்கள்.

குடந்தை_ரமணி

முகவரிக் கட்டத்தில் தாய் பெயரும் ஒரு கிராமத்தின் பெயரும் இருக்கின்றன. அக்கா, வெட்டி அனுப்பிவிட்டேன். கிராமத்தின் இரண்டாவது எழுத்து மட்டும் மை பரவிக் கிடக்கிறது.